‘அவேர்’: ஓர் ஆங்கில வினைச்சொல்லின் சமுதாயப் பின்னணி

சொல்லொன்றின் பொருள் மாற்றத்தை அகராதியின் துணைகொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. அதனை வழங்கியோர் யாவர், எவ்விடத்து வழங்கினர் என்பனவும் நோக்கப்படல் வேண்டும். ‘உறுதியாகக் கூறுதல்’ எனும் பொருளில் ஆங்கிலத்தில் இன்று அருகி வழங்கும் ‘அவேர்’ என்ற பழைய வினைச்சொல்லை இந்நோக்கில் நாம் ஆராய்வோம்.

‘மெய்யான’ எனப் பொருள்படும் ‘வேருஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே இதன் மூலமாகும். யூரிமாரின் முடிவைக் குறிக்கும் ‘வேடிக்ற்’ என்ற சொல்லும் இம்மூலத்ததே. ‘அவேர்’ பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்தினுட் புகுந்தது. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் பிரெஞ்சு ஆளும் வர்க்கத்தின் மொழியாயிற்று. காலப்போக்கில் நீதிமன்றுகளின் மொழியுமாயிற்று. அங்கு இச்சொல் வெறுமனே கூறுதலைக் குறிக்கவில்லை. கூறியதை மெய்ப்பிக்க ஆயத்தமாக நிற்றலையும் குறித்தது. தன் கூற்றின் முடிவில், அதனை மெய்ப்பிக்கத் தயார் என வழக்காடுவோன் அறிவித்தல் மரபாயிருந்தது.

ஆயின் அம்மெய் உரைக்கப்பட்ட மொழி குடியானவனுக்கு விளங்காத மொழி. வழக்குகள் ஆங்கிலத்தில் வாதிக்கப்படல் வேண்டுமென 1362ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பிரெஞ்சை மக்கள் அறியார் என்பதே அது காட்டிய காரணம். அச்சட்டமே பிரெஞ்சில் எழுதப்பட்டிருந்தமை கவனித்தற்குரியது. பதிவேடுகளும் இலத்தீனிலேயே தொடர்ந்தன. 1650இல் குடியரசு ஆட்சி செய்த மாற்றம், 1660இல் முடியாட்சி மீண்டதும் கைவிடப்பட்டது. 1731இல் இயற்றப்பட்ட சட்டம் 1733இல் நடைமுறைக்கு வந்தபோதே ஆங்கிலம் மன்றுகளில் நிலையான இடம் பெற்றது.

இதற்கிடையே மக்களின் சொல்லுக்கு நேர்ந்தது யாது? பழைய ஆங்கிலத்தில் மெய்யைக் குறித்த ‘சூத்’ வழக்கொழிந்தது; அதன்வழிப் பிறந்த ‘ஃபோசூத்’ ஏளனக் குறிப்பாயிற்று. மன்றின் சொல்லோ மதிப்பிழக்கவில்லை. எனினும் பொதுவழக்கில் அது மெய்ப்பிக்கும் கடப்பாட்டைக் கைவிட்டு, அழுத்திக் கூறுதல் என்ற அளவிற் சுருங்கிற்று.

நம் நாட்டில் ஆங்கிலத்தில் வரையப்படும் வழக்குரைகளில் இதன் பெயர்ச்சொல் வடிவமான ‘அவேர்மன்ற்’ இன்றும் வழங்குகின்றது. அங்கு கூற்றோடு அதனை நிறுவும் பொறுப்பும் சேர்ந்தே நிற்கின்றது. அதிகாரமுடையோர் அழுத்திக் கூறுவதே மெய்யெனக் கொள்ளப்படும் சூழலில், கூறுவோனே நிறுவவும் வேண்டும் என்ற இப்பழம்பொருள் மறக்கப்படலாகாது. ஆய்வாளராகிய நம்மையும் அது கட்டுப்படுத்துவதேயாம்.