இந்திய வங்கிச் சீர்திருத்தம்

இந்திய வங்கிகளின் வட்டி விகிதங்களைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்து, வாராக் கடன்களைக் கணக்கில் கொண்டுவந்த மாற்றங்களே வங்கிச் சீர்திருத்தம் எனப்படுகின்றன. 1991 ஆகஸ்டில் அமைக்கப்பட்ட நரசிம்மம் குழுவிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது.

அதுவரை வங்கிகளுக்குத் தம் கையிலிருந்த பணத்தின் மீதே அதிகாரம் குறைவு. அன்றைய விதிகளின்படி, வைப்பாக வரும் 100 ரூபாயில் 38.50 ரூபாய் அரசுப் பத்திரங்களுக்கும் 15 ரூபாய் ரிசர்வ் வங்கிக்கும் போய்விடும். மிச்சத்தை என்ன வட்டிக்குக் கொடுப்பது என்பதையும் பெரும்பாலும் ரிசர்வ் வங்கியே சொல்லிவிடும்.

வட்டியை விடுவிக்கச் சுற்றறிக்கைகளே போதுமாயிருந்தன. 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடன்களுக்கு 1994 அக்டோபரிலும், கால வைப்புகளுக்கு 1997 அக்டோபரிலும் கட்டுப்பாடு நீங்கியது. சேமிப்புக் கணக்கின் முறை வந்தது 2011 அக்டோபரில்தான். அப்போது 4 சதவீதமாக இருந்த வட்டியை யெஸ் வங்கி 6 சதவீதமாக்கியது. பெரிய வங்கிகள் அசையவில்லை.

வாராக் கடன் சுற்றறிக்கைக்கு அடங்கவில்லை. வசூலாகாத வட்டியையும் வருமானமாக எழுதி லாபம் காட்டும் வழக்கத்தை 1992-93இல் வந்த விதிகள் தடுத்தன. உடனே பல வங்கிகளின் சாயம் வெளுத்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி 1995-96இல் 1,300 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் காட்டியது. அரசு முதலீடு செய்தும் மீட்சி தாமதமாயிற்று. 2000இல் தலைமைப் பொறுப்பேற்ற ரஞ்சனா குமார் செலவைக் குறைத்து, வசூலை முடுக்கினார். 2007இல் வங்கி தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றது.

1993இல் கடன் மீட்புத் தீர்ப்பாயங்களுக்குச் சட்டம் வந்தது. நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்ற 2002ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. வீட்டுக்கடன் வாங்கியவரின் கதவில் நோட்டீஸ் ஒட்டச் சட்டம் உதவியது. எஃகு, மின்சாரம், சாலை எனக் கோடிக்கணக்கில் வாங்கியவர்களுக்கோ பழைய கடனை அடைக்கப் புதுக் கடனே கிடைத்தது. ரகுராம் ராஜன் ஆளுநராக இருந்தபோது, 2015இல் ரிசர்வ் வங்கி நடத்திய சொத்துத் தர ஆய்வு அந்தத் திரையை விலக்கியது. 2018 மார்ச்சில் மொத்த வாராக் கடன் விகிதம் 11 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

2016ஆம் ஆண்டுத் திவால் சட்டம் முதலாளிகளுக்கு நிறுவனமே கைநழுவும் பயத்தைக் கொடுத்தது. எஸ்ஸார் ஸ்டீல் 2019இல் சுமார் 42,000 கோடி ரூபாய்க்கு ஆர்செலர் மிட்டல் வசமானது. 2024 மார்ச்சில் வாராக் கடன் விகிதம் 2.8 சதவீதமாக இறங்கியது. இந்த இறக்கத்தில் வசூலுக்கு மட்டுமின்றி, ஏடுகளிலிருந்து கடன்களை நீக்கியதற்கும் பெரும் பங்குண்டு. அப்படி நீக்கினாலும் கடனாளியின் பொறுப்பு தீராது என்று வங்கிகள் சொல்லும். ஆனால் அந்தக் கடன்களில் திரும்பி வருவது சிறு பகுதியே.