பரங்கிமலைப் பீரங்கியும் ஒலியின் வேகமும்

ஐப்பசி மழைக் காலத்தில், திருவேங்கடம் போன்ற கரிசல் ஊரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். தொலைவில் மின்னல் வெட்டுகிறது. உடனே விநாடிகளை எண்ணத் தொடங்குங்கள். ஒன்பதாவது விநாடியில் இடி கேட்டால், மின்னல் வெட்டிய இடம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. விநாடியை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர், அவ்வளவுதான்.

கணக்கு எளிது. ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. ஒலி வழி முழுவதும் ஒரே வேகத்தில் வர வேண்டும். சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடத்துக்கு வரும் பேருந்து அப்படியா வருகிறது? புறப்பட்டு வேகம் பிடிக்கிறது, வளைவில் தணிகிறது, நிறுத்தத்தில் நிற்கிறது. அதன் தூரத்தை நேரத்தால் வகுத்தால் கிடைப்பது சராசரி வேகம் மட்டுமே. இடியோசையோ தொலைவு செல்லச் செல்ல மெலிகிறது. ஓசை மெலியும்போது வேகமும் குறையாது என்பதற்கு என்ன உறுதி?

இதற்கு விடை தரக்கூடிய ஒரு சோதனை நம் சென்னையிலேயே நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் ஒன்றைக் கட்டியது. (தமிழிலும் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.) அதன் தலைவர் ஜான் கோல்டிங்காம் 1820, 1821 ஆண்டுகளில் இரண்டு பீரங்கிகளைப் பயன்படுத்திக்கொண்டார். ஒன்று புனித ஜார்ஜ் கோட்டையில், 13,932 அடி தொலைவில். மற்றொன்று பரங்கிமலையில், 29,547 அடி தொலைவில். இரண்டும் நாள்தோறும் வழக்கமாக வெடிப்பவை. இருட்டில் தீப்பொறி தெரிந்ததும், ஓசை வந்து சேரும் வரை நுட்பக் கடிகாரத்தின் 'டிக்' ஒலிகளை எண்ணினார்கள். பரங்கிமலையிலிருந்து ஒளி வர விநாடியில் சுமார் 33,000-இல் ஒரு பங்கு போதும். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

கோட்டையிலிருந்து ஓசை வர ஏறத்தாழ 12 விநாடி. மலையிலிருந்து வர ஏறத்தாழ 26 விநாடி. தூரம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல், நேரமும் அப்படியே. ஒரே ஒரு பீரங்கியை வைத்துக்கொண்டு இதைத் தெரிந்துகொள்ள முடியாது. இரண்டு தூரங்கள் வேண்டும்.

கிணற்றில் போடும் கல்லை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் விநாடியில் அது 4.9 மீட்டர் விழுகிறது. இரண்டு விநாடி முடிவில் 19.6 மீட்டர்! நேரம் இரு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. ஒவ்வொரு விநாடியும் வேகம் 9.8 மீட்டர் கூடுகிறதே, அதுதான் முடுக்கம். பீரங்கி ஓசையும் கல்லைப் போல ஓய்விலிருந்து முடுக்கம் பெற்று வந்திருந்தால், மலை ஓசை 26 விநாடி எடுத்திருக்காது. 18 விநாடிக்குள் வந்திருக்கும். வழியில் வேகம் தணிந்திருந்தால் 26 விநாடிக்கும் மேல் ஆகியிருக்கும். இரண்டும் நடக்கவில்லை. ஒலி மெலிகிறது, ஆனால் அதன் வேகம் தளர்வதில்லை. முடுக்கம் சுழி.

ஆனால் வேறொரு மாற்றம் தெரிந்தது. 1823-இல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்ட கட்டுரையில் கோல்டிங்காம் மாதவாரியாகச் சராசரி தருகிறார். டிசம்பரில் விநாடிக்கு 1,099 அடி. ஜூலையில் 1,164 அடி. வெப்பம் கூடினால் ஒலி விரையும் என்பது உண்மையே. எனினும் 1 டிகிரி செல்சியசுக்கு 2 அடிதான் கூடும். 65 அடி கூட 30 டிகிரிக்கு மேல் வேண்டும். சென்னையின் டிசம்பருக்கும் ஜூலைக்கும் அவ்வளவு வேறுபாடு ஏது? காற்றுக்கும் இதில் பங்கு இருந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. பரங்கிமலை வானாய்வகத்துக்குத் தென்மேற்கே உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த ஓசையை முன்னே தள்ளும். டிசம்பரின் வடகிழக்குக் காற்று எதிர்த்து நிற்கும். ஆற்றோட்டத்தில் செல்லும் படகின் கணக்கேதான் இது.

இதற்கு ஒரு வழி உண்டு. இரு முனைகளிலும் பீரங்கி வைத்து, இரு திசையிலும் நேரம் அளந்தால் காற்றின் விளைவு பெரும்பாலும் நீங்கிவிடும். 1822 ஜூனில் பாரிஸ் அருகே பிரெஞ்சு அறிஞர்கள் அவ்வாறே அளந்தார்கள்.