கேட்க ஆளில்லாத இசை

பூவரசு இலையைச் சுருட்டி, ஒரு முனையை லேசாக நசுக்கி, வாயில் வைத்து ஊதிப் பார்க்காத பிள்ளைகள் நம் ஊர்ப்பக்கம் குறைவு. சித்தேரி மலையடிவாரமானாலும் சரி, தஞ்சாவூர் ஆனாலும் சரி, சத்தம் ஒன்றுதான். ஏறத்தாழ ஆட்டுக்குட்டி கத்துவது மாதிரி இருக்கும். அதை இசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் பெரியவர்கள் "சும்மா இருடா" என்பார்கள். ஆனாலும் பிள்ளை நிறுத்தாது. இலையை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சுருட்டினால் என்ன சத்தம் வரும் என்று பார்க்கும்.

இந்த "என்ன சத்தம் வரும்?" என்ற கேள்விதான் உலகத்தில் விசித்திரமான சோதனை இசை எல்லாவற்றுக்கும் தாய். அந்தக் கேள்வியோடு இந்தியாவில் சிலர் செய்து பார்த்த இசை, பல ஆண்டுகள் யாரும் கேட்காமல் கிடந்து, பிறகு உலகமே திரும்பிப் பார்த்த கதை ஒன்று உண்டு. ஒன்றல்ல, இரண்டு.

பியானோவுக்குள் போல்ட்டும் ஸ்குருவும்

கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. 1940 வாக்கில் ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளர் ஒரு நடன நிகழ்ச்சிக்கு இசை அமைக்க வேண்டியிருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது தாள வாத்தியங்கள். மேடையிலோ ஒரு பியானோவுக்குத்தான் இடம். கேஜ் என்ன செய்தார்? பியானோவின் கம்பிகளுக்கு நடுவில் போல்ட், ஸ்குரு, ரப்பர் துண்டு என்று கைக்குக் கிடைத்ததைச் செருகினார். கட்டையை அழுத்தினால் பியானோ சத்தம் வரவில்லை. மணி, மத்தளம், மரக்கட்டை என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி ஒலித்தது. ஒரே ஆள் வாசிக்கும் ஒரு மேளக்குழு கிடைத்துவிட்டது!

1946ல் இந்தக் கேஜைத் தேடி இந்தியாவில் இருந்து ஒரு பெண் வந்தார். பெயர் கீதா சாராபாய். அகமதாபாத்தின் பெரிய மில் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆண்களே வாசித்து வந்த பக்வாஜ் வாத்தியத்தைக் கற்றுக்கொண்ட முதல் பெண்களில் ஒருவர். மேற்கத்திய இசை இந்தியாவுக்குள் வேகமாக நுழைகிறதே, அது என்னதான் என்று தெரிந்துகொள்ள நியூயார்க் போனார். கேஜ் அவருக்கு மேற்கத்திய இசையைச் சொல்லிக்கொடுத்தார். பதிலுக்கு அவர் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தார். இருவருக்கும் இடையே பணம் கைமாறவில்லை. பாடத்துக்குப் பாடம், அவ்வளவுதான்.

இசை எதற்காக என்று கேஜ் கேட்டபோது, மனதை அமைதிப்படுத்தி இறையருளை ஏற்கத் தயார் செய்வதற்காக என்று தன் குரு சொன்னதைக் கீதா எடுத்துச் சொன்னார். கேஜ் அதைக் கடைசி வரை மறக்கவில்லை. போல்ட் செருகிய பியானோவுக்காக 1946 முதல் 1948 வரை அவர் எழுதிய பெரிய படைப்புக்கு அடிப்படை, நம் நாட்டு நவரசங்கள். 1952ல் நான்கு நிமிடம் முப்பத்துமூன்று வினாடிகள் எதுவுமே வாசிக்காத அந்தப் புகழ்பெற்ற படைப்பும் வந்தது. முதல் முறை அதை மேடையில் உட்கார்ந்து 'வாசிக்காமல் வாசித்தவர்' டேவிட் டியூடர் என்ற பியானோ கலைஞர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருவார்.

அகமதாபாத்தில் ஓர் அறை

1961ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதை வளர்த்தவர்கள் கீதாவின் உடன்பிறப்புகளான கௌதம் சாராபாயும் கிரா சாராபாயும். நாற்காலி, துணி, அச்சு எழுத்து, கண்காட்சி என்று எல்லாவற்றையும் வடிவமைக்கச் சொல்லித்தரும் இடம். அப்படியானால் ஒலியையும் வடிவமைக்கலாமே?

1969ல் டேவிட் டியூடர் அங்கே வந்து சேர்ந்தார். அப்போது அவர் பியானோவை விட்டுவிட்டு, தானே சர்க்யூட் இணைத்து ஒலி எழுப்பும் வேலையில் இறங்கியிருந்தார். ஓர் அறையில் டேப் ரெக்கார்டர்களையும் ஒரு மூக் சிந்தசைசரையும் பொருத்தி, ஒரு மின்னணு இசைக்கூடத்தை அமைத்துக் கொடுத்தார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1940ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. அது அந்நிய வாத்தியம், அதில் கமகம் வராது என்பது காரணம். சுமார் முப்பது ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது. ஆர்மோனியமே ரேடியோவுக்குள் நுழைய முடியாத அந்தக் காலத்தில்தான் அதே நாட்டில் மூக் சிந்தசைசர் வந்து இறங்கியது! அந்நியம் என்றால் இதுவல்லவா அந்நியம்? ஆனால் ஆர்மோனியத்தில் வராத அந்த வழுக்கல் மூக்கில் வரும். ஒரு சுரத்தில் இருந்து இன்னொன்றுக்கு இடைவெளி இல்லாமல் இழைந்து போகலாம்.

மூக் என்றதும் இன்றைய கீபோர்டு மாதிரி நினைக்கக் கூடாது. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பலகை மாதிரி இருக்கும். ஒரு பெட்டி அலையை உண்டாக்கும். இன்னொன்று அதில் வேண்டாததை வடிகட்டும். மற்றொன்று ஒலி எப்படி ஆரம்பித்து எப்படி அடங்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும். இவற்றை ஒயர்களால் இணைத்துத்தான் சத்தம் வர வைக்க வேண்டும். எந்த ஒயரை எதில் செருகுவது என்பதற்கு விதி கிடையாது. தப்பாகச் செருகினாலும் ஏதோ ஒன்று வரும். சில நேரம் அந்தத் தப்புதான் நன்றாக இருக்கும்.

முக்கியமான விஷயம், அதற்கு நினைவாற்றல் கிடையாது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கண்டுபிடித்த ஒலி, ஒயரைப் பிடுங்கினால் போய்விடும். மறுநாள் அதே மாதிரி வருமா என்பது சந்தேகம். சூடு ஏறினாலே சுருதி மாறிவிடும். டேப்பில் பதிந்தால்தான் உண்டு. பதியாவிட்டால் அந்த இசை இந்த உலகத்தில் பிறக்கவே இல்லை என்று அர்த்தம்.

டியூடர் சில மாதங்களில் ஊர் திரும்பிவிட்டார். மிஞ்சியவர்கள் இங்கிருந்தவர்கள். கீதா சாராபாய், ஐ.எஸ். மாதூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, மாணவரான ஜின்ராஜ் ஜோஷிபுரா. 1972 வரை அந்த அறையில் இவர்கள் செய்து பார்த்தார்கள். ஜோஷிபுரா தன் படைப்புக்கு 'ஸ்பேஸ் லைனர் 2001' என்று பெயர் வைத்தார். மாதூர் ஒன்றுக்கு 'என் பறவைகள்' என்று வைத்தார். பெயர்களைப் பார்த்தாலே தெரியவில்லையா, சந்தோஷமாக விளையாடியிருக்கிறார்கள்!

பிறகு கூடம் மூடப்பட்டது. டேப்புகள் காப்பகத்துக்குப் போயின. சுமார் நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் அவற்றைத் தேடி எடுத்தார். 2020ல் பிபிசி வானொலியில் அது பற்றி நிகழ்ச்சி செய்தார். 2023ல் அந்த இசை முதல் முறையாக ஆல்பமாக வெளிவந்தது. கீதா சாராபாய் அப்போது உயிரோடு இல்லை. அவர் 2011லேயே காலமாகிவிட்டார்.

வியாபாரத்தில் தோற்ற ஒரு ரெக்கார்டு

அகமதாபாத்தில் ஒரு நிறுவனமாவது பின்னால் இருந்தது. இரண்டாவது கதையின் நாயகனுக்கு அதுவும் இல்லை.

பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற கலைஞர் இருந்தார். ஹிந்திப் படப் பாடல்களுக்குப் பின்னால் கிடார், கீபோர்டு வாசித்த, பெயர் வெளியே தெரியாத நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவர். புதிதாக வந்த ரோலண்ட் கம்பெனிக் கருவிகளை வாங்கினார். அதில் ஒன்று டிபி-303. பேஸ் கிடார் வாசிக்க ஆள் கிடைக்காதவர்கள் வீட்டில் பயிற்சி செய்வதற்காகச் செய்த சிறிய பெட்டி. நிஜ பேஸ் கிடார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை. விற்பனை படுத்தது, 1984லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

சரண்ஜித் அதைத் தாளப்பெட்டியோடு இணைத்து, லலித், பூபாளி மாதிரியான ராகங்களை வீட்டில் வாசித்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறதே என்று தோன்றியது. 1982ல் டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள் என்று ஓர் இசைத்தட்டாக எச்.எம்.வி. அதை வெளியிட்டது. யாரும் வாங்கவில்லை. டிஸ்கோ ரசிகர்களுக்கு அது ராகம், ராக ரசிகர்களுக்கு அது டிஸ்கோ. இரண்டு கடையிலும் விலை போகாத சரக்கு.

1987ல் அமெரிக்காவின் சிகாகோவில் சில இளைஞர்கள், செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைத்த அதே டிபி-303ஐத் திருகி, நெளிந்து நெளிந்து ஓடும் ஒரு புது ஒலியைக் கொண்டு வந்தார்கள். 'ஆசிட் ஹவுஸ்' என்ற பெயரில் அது உலகம் முழுக்கப் பரவியது. 2010ல் சரண்ஜித்தின் தட்டு ஐரோப்பாவில் மறுபதிப்பாக வந்தபோது கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள். ஐந்து வருடம் முன்னாலேயே பம்பாயில் இது எப்படி? இது யாரோ இப்போது செய்த போலி என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். சரண்ஜித் நேரில் வந்து வாசித்துக் காட்டினார். எழுபது வயதைத் தாண்டிய பிறகு வெளிநாட்டு மேடைகளில் இளைஞர்கள் அவர் இசைக்கு ஆடினார்கள். 2015ல் காலமானார்.

எதனால் பிடிக்கிறது?

இந்த இசை எல்லாம் அழகாக இருக்கிறதா? நேர்மையாகச் சொன்னால், எல்லாம் இல்லை. அகமதாபாத் டேப்புகளில் சில இடங்கள் பழைய ரேடியோவில் ஸ்டேஷன் தேடுவது மாதிரிதான் இருக்கும். பிறகு ஏன் கேட்கிறார்கள்?

வாடிக்கையாளர் ஒருவரை மனதில் வைத்துச் செய்யும் பொருளில் செய்தவரின் யோசனை தெரியாது, வாங்குபவரின் விருப்பம்தான் தெரியும். சினிமாப் பாட்டு அப்படித்தான், அது தப்பும் இல்லை. ஆனால் யாருமே கேட்காத பொருளை ஒருவர் செய்யும்போது, அவருடைய ஆசை மட்டும்தான் அதில் இருக்கிறது. ஒயரை மாற்றுவது கேட்கிறது. தயங்குவது கேட்கிறது. "அட!" என்று அவர் கண்டுபிடித்த அந்த நொடி கேட்கிறது. கேட்பவரும் அந்த அறைக்குள் கூட உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. இன்று சாதாரணமாக இருக்கும் பல வாத்தியங்கள் ஒரு காலத்தில் யாரோ வீட்டில் தட்டிப் பார்த்தவைதான். தண்ணீர் ஊற்றிய கிண்ணங்கள் ஜலதரங்கம் ஆயின. மானாமதுரை மண்பானை கடமாகிக் கச்சேரி மேடை ஏறியது. திருவிழாவில் விற்கும் கொட்டாங்குச்சி வயலின் மட்டும் ஏனோ இன்னும் மேடை ஏறவில்லை. விசித்திரத்துக்கும் சம்பிரதாயத்துக்கும் நடுவில் இருப்பது சில தலைமுறைகள்தான்.

டிரங்குப் பெட்டியில் இருப்பது

இரண்டு கதையிலும் இசையைக் காப்பாற்றியது அதன் தரம் அல்ல. யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்தது. அகமதாபாத்தில் ஒரு காப்பகம் இருந்தது. சரண்ஜித்துக்கு எச்.எம்.வி. அச்சிட்ட தட்டு இருந்தது. வசதியான குடும்பமும் பெரிய கம்பெனியும் பின்னால் இருந்ததால்தான் அந்தப் பெயர்கள் இன்று தெரிகின்றன. அப்படி எதுவும் இல்லாதவர்களின் இசை என்ன ஆனது?

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டில் டேப் ரெக்கார்டர் போகாத ஊர் அபூர்வம். கூத்து, ஒப்பாரி, கோயில் மேளம், பாட்டியின் தாலாட்டு என்று எத்தனையோ காலி கேசட்டுகளில் பதிவாகியிருக்கும். ஒருவேளை யாராவது ஒரு பையன் தகர டப்பாவைத் தட்டியதும் பதிவாகியிருக்கும். கேசட் நாடா நிரந்தரமில்லை. பூஞ்சை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும், ஒரு நாள் ஓடாது.

சித்தேரி மலையிலோ அரூரிலோ ஒரு வீட்டு டிரங்குப் பெட்டியில் அப்படி ஒரு கேசட் இருந்தால், அதை எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை ஓட விட்டு, பக்கத்தில் செல்போனை வைத்துப் பதிந்துகொள்ளலாம். வாசித்தது யார், எந்த ஊர், எந்த வருடம் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைக்கலாம். அரை மணி நேர வேலை. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.