‘செமி ஃபர்னிஷ்டு’ வாடகை வீடு: கட்டிலுக்கும் கீசருக்கும் யார் பொறுப்பு?

கொச்சிக்கு வடக்கே பெரியாற்றின் கரையில் அமைந்துள்ள ஆலுவா, வாடகைக்கு வீடு தேடுவோர் நாடும் நகரங்களுள் ஒன்று. 2017 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட கொச்சி மெட்ரோ ரயிலின் வடக்கு முனையம் இங்குள்ளது. நெடும்பாசேரி விமான நிலையமும் அருகிலேயே உள்ளது. பணி நிமித்தம் வெளியூர்களிலிருந்து வருவோர் கட்டிலையும் அலமாரியையும் உடன் கொண்டுவர விரும்புவதில்லை. இத்தகையோருக்கு, சில பொருட்களை மட்டும் உரிமையாளரே அளிக்கும் ‘செமி ஃபர்னிஷ்டு’ வீடுகள் ஏற்றவையாக உள்ளன.

எவையெல்லாம் அடங்கும்?

‘செமி ஃபர்னிஷ்டு’ என்பதற்குச் சட்டத்தில் வரையறை இல்லை. பொதுவாக மின்விசிறிகள், விளக்குகள், சுவர் அலமாரிகள், சமையலறை அடுக்குகள் ஆகியவை இருக்கும். சில வீடுகளில் கட்டில், உணவு மேசை, கீசர் ஆகியவையும் சேரும். எனவே விளம்பரத்தில் உள்ள சொல்லை மட்டும் நம்பாமல், பொருட்களை நேரில் பார்த்து உறுதி செய்வது அவசியம்.

சட்டம் கூறுவது என்ன?

கேரளக் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், 1965, ‘கட்டடம்’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், உரிமையாளர் பயன்பாட்டுக்கு அளித்த அறைகலன்களையும், கட்டடத்தில் பொருத்தப்பட்ட சாதனங்களையும் சேர்த்துள்ளது. அதாவது வாடகைக்கு விடப்பட்ட வீட்டின் ஒரு பகுதியாகவே அவை கருதப்படுகின்றன.

சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882-இன் 108-ஆவது பிரிவின்படி, குடியிருப்பவர் சொத்தைப் பெற்ற நிலையிலேயே திருப்பி ஒப்படைக்க வேண்டும். நியாயமான தேய்மானத்துக்கும், தடுக்க இயலாத சக்தியால் நேரும் மாற்றங்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இருந்தால் அதுவே செல்லும். இச்சட்டம் அசையாச் சொத்தைப் பற்றியது என்பதால், கட்டில், மேசை போன்றவற்றுக்கும் இதே விதி பொருந்தும் என ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது பாதுகாப்பானது.

வெள்ளமும் பொறுப்பும்

2018 ஆகஸ்ட் மாதம் பெரியாறு கரைபுரண்டபோது ஆலுவாவில் ஏராளமான வீடுகளுக்குள் நீர் புகுந்தது. இத்தகைய பகுதியில் தரைத்தளத்தில் குடியேறுவோர், வெள்ளத்தில் உரிமையாளரின் பொருட்கள் சேதமடைந்தால் அந்த இழப்பு யாரைச் சேரும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். குடியிருப்பவரின் சொந்தக் குளிர்சாதனப் பெட்டிக்கோ துணி துவைக்கும் இயந்திரத்துக்கோ உரிமையாளர் ஈடு தர வேண்டும் என மேற்கண்ட பிரிவு கூறவில்லை.

பழுதும் முன்பணமும்

மத்திய அமைச்சரவை 2021 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், செலவுகளைத் தெளிவாகப் பிரிக்கிறது. வெள்ளையடித்தல், மின்கம்பி அமைப்பு, குழாய் மாற்றுதல் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. தண்ணீர்க் குழாயின் வாஷர், சுவிட்ச், கீசர், பூட்டு ஆகியவற்றின் பழுது குடியிருப்பவரின் பொறுப்பு. குடியிருப்பு வீடுகளுக்கான முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் அது கூறுகிறது. மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கினால் மட்டுமே இது கட்டுப்படுத்தும். எனினும் ஒப்பந்தம் எழுத நல்ல வழிகாட்டி. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் மூன்று மாத வாடகையை வரம்பாக வைத்துள்ளது.

கையொப்பமிட்ட பட்டியல்

வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் செய்வதில்தான் தகராறு எழுகிறது. மேசையில் இருந்த கீறல் பழையதா, புதியதா என்பதை நிறுவ ஆவணம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு பொருளின் எண்ணிக்கை, தயாரிப்பு நிறுவனம், தற்போதைய நிலை, ஏற்கெனவே உள்ள குறை ஆகியவற்றைப் பட்டியலிட்டு, தேதியுடன் கூடிய புகைப்படங்களையும் மின் மீட்டர் அளவையும் இணைத்து, இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்வது கட்டாயம். வழக்கமான 11 மாத ஒப்பந்தமானாலும் இப்பட்டியலை அதன் இணைப்பாகச் சேர்க்கலாம். காலி செய்யும் நாளில் இருவரும் அதே பட்டியலை வைத்துச் சரிபார்த்து, பிடித்தம் இருந்தால் ரசீதுடன் கணக்கிட்டு, மீதித் தொகையைத் திருப்பித் தருவதே முறையாகும்.