சிகிரியாவின் கற்பள்ளங்கள்

மாணவரோடு சிகிரியாக் குன்றில் ஏறுகையில் ஒருவன் செங்குத்தான பாறையிலே நிரைநிரையாக வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்களைக் காட்டி, “சேர், இதை வெட்டின ஆக்கள் எங்க நிண்டு வெட்டினவை?” என்று வினவினான். வரலாறு கற்பிக்கும் எம்மிற் பலர் கேட்க மறந்த வினா அது.

சூளவம்சம் கூறும் கதையை நாம் அறிவோம். கி.பி. 477இல் தந்தை தாதுசேனனிடமிருந்து காசியப்பன் அரசைப் பறித்தான். செல்வம் எங்கே என்று கேட்டபோது, தான் கட்டிய கலாவெவயின் நீரைக் காட்டி, தன் செல்வம் இதுவே என்றானாம் தாதுசேனன். பின்னர் அவனைச் சுவரில் வைத்துப் பூசிக் கொன்றனர். இந்தியாவுக்குத் தப்பிய மொக்கல்லானன் 495இற் படையுடன் மீண்டான். காசியப்பன் போர்க்களத்திலே தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். இவற்றுக்கிடையே குன்றின்மேல் மாளிகை ‘கட்டினான்’ என்கிறோம்.

அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் எத்தனை முதுகெலும்புகள் மறைந்து கிடக்கின்றன! சுற்றுவெளியிலிருந்து ஏறத்தாழ 600 அடி உயரத்துக்குச் செங்கல் சுமக்கப்படவேண்டும். உச்சியிலே பாறையைக் குடைந்து நீர்த்தடாகம் அமைக்கவேண்டும். பாறைமுகத்திலுள்ள பள்ளங்களோ படிகளுக்கும் செங்கற்கட்டுக்கும் பிடிமானமாக வெட்டப்பட்டவை. வாயிலில் நின்ற பெருஞ்சிங்கத்தின் தலையும் உடலும் சரிந்துபோயின. பாதங்கள் இரண்டுமே எஞ்சின. பதினெட்டாண்டு ஆட்சிக்காக இவ்வளவும்! தாதுசேனன் காட்டிய நீர் வயலுக்குப் பாய்ந்தது; மகன் மேலேற்றிய கல்லால் எந்த உழவனுக்கு என்ன பயன்? குளத்தையும் குடிகளே வெட்டினர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இரண்டையும் ஒரே தராசில் வைக்க மனம் ஒப்பவில்லை.

மொக்கல்லானன் தலைநகரை மீண்டும் அநுராதபுரத்துக்கு மாற்றிச் சிகிரியாவைப் பிக்குகளுக்கு அளித்தான். அரசன் அகன்றபின் குன்றுக்குப் பார்வையாளர் வரலாயினர். செங்கல்லாற் கட்டிச் சுண்ணச்சாந்து பூசி மெருகிடப்பட்ட கண்ணாடிச் சுவரிலே அவர்கள் கூரிய முனையாற் கவிதை பொறித்தனர். பேராசிரியர் பரணவித்தான அவற்றுள் 685ஐ வாசித்து 1956இல் நூலாக்கினார். பெரும்பாலானவை 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரையானவை. பழைய சிங்களத்தின் அருஞ்செல்வம். பல ஓவியப் பெண்களை நோக்கிப் பேசுவன. பிக்குகள் எழுதினர், அரச அலுவலர் எழுதினர், பெண்களும் எழுதினர். தம் பெயரையும் ஊரையும் கவிதையோடு பொறித்துச் சென்றோர் பலர்.

பள்ளங்களின் அருகே எந்தப் பெயரும் இல்லை. மாணவனுக்கு அதைத்தான் சொன்னேன்.