பாட் நாணயத்தின் வீழ்ச்சி: தாய்லாந்தில் நிதிச் சந்தைத் திறப்பின் வரலாறு, 1990–1998

வளரும் நாடுகள் தம் நிதிச் சந்தைகளைத் திறந்துவிட வேண்டும் என்ற கொள்கைக்கு 1973-இல் வெளியான இரண்டு நூல்கள் அடித்தளம் இட்டன. ரொனால்ட் மெக்கின்னன், எட்வர்ட் ஷா ஆகிய பொருளியலாளர்கள் தனித்தனியே எழுதிய அந்நூல்கள், வட்டியை அரசே தாழ்த்திப் பிடித்து, கடன் யாருக்குப் போக வேண்டும் என்பதையும் தானே தீர்மானிக்கும் நிலையை 'நிதி ஒடுக்கம்' எனக் குறித்து, அக்கட்டு தளர்ந்தால் சேமிப்பும் முதலீடும் பெருகும் என்று வாதிட்டன. அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் எந்தக் கட்டை முதலில் அவிழ்ப்பது, எதைக் கடைசிவரை வைத்திருப்பது என்பதே நாடுகளின் தலைவிதியைத் தீர்மானித்தது. உள்நாட்டு நிதி அமைப்பு உறுதிப்பட்ட பின்னரே அந்நிய மூலதனத்துக்கான வாசல் கடைசியாகத் திறக்கப்பட வேண்டும் என்று மெக்கின்னனே 1991-இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். தாய்லாந்து அவ்வரிசையைப் பின்பற்றவில்லை.

1990-இல் அந்நாடு வணிகத்துக்கான அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளை நீக்கியது. 1992-க்குள் வட்டி உச்சவரம்புகளும் அகற்றப்பட்டன. 1993 மார்ச்சில் தொடங்கப்பட்ட பாங்காக் சர்வதேச வங்கிச் சேவை என்னும் ஏற்பாடுதான் திருப்புமுனை. வெளிநாட்டில் பணம் திரட்டி வெளிநாட்டுக்கே கடன் வழங்கும் மையமாகப் பாங்காக்கை வளர்ப்பது அதன் நோக்கம் எனக் கூறப்பட்டாலும், வரிச் சலுகையோடு வந்த அவ்வுரிமங்களின் வழியே டாலர் கடன் பெருமளவில் தாய்லாந்துக்குள்ளேயே பாய்ந்தது. முழுக் கிளை திறக்கும் உரிமம் கிடைக்கும் என்று எதிர்பார்த்த வெளிநாட்டு வங்கிகளும் கடன் கொடுப்பதில் ஒன்றையொன்று முந்தின. 1990-இல் சுமார் 3,000 கோடி டாலராக இருந்த நாட்டின் வெளிக்கடன் 1996-இல் 10,000 கோடியைக் கடந்தது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி ஓராண்டுக்குள் திருப்பித் தர வேண்டிய குறுகிய காலக் கடன்.

இக்கடன் ஏன் இவ்வளவு எளிதாகப் பெருகியது என்பதை அன்றைய நாணய மாற்று முறையோடு சேர்த்தே விளங்கிக்கொள்ள முடியும். 1984 முதல் பாட் நாணயம் டாலரே மேலோங்கிய ஒரு நாணயத் தொகுப்போடு பிணைக்கப்பட்டிருந்ததால், ஒரு டாலர் ஏறத்தாழ 25 பாட் என்ற மதிப்பு ஆண்டுக்கணக்கில் அசையவில்லை. உள்நாட்டில் 13 சதவீதத்தை ஒட்டி வட்டி இருக்க, டாலர் கடன் ஏறத்தாழ பாதி வட்டிக்குக் கிடைத்தது. எடுத்துக்காட்டாக, அடுக்குமாடிக் கட்டடம் எழுப்ப ஒரு கோடி டாலர் வாங்கிய நிறுவனம் தன் கணக்கேட்டில் 25 கோடி பாட் எனக் கடனைப் பதிந்துகொள்ளும். அதற்கு வரும் வாடகையும் விற்பனைத் தொகையும் பாட்டில்தான். டாலர் 50 பாட் ஆகும் நாளில், ஒரு செங்கல்கூடக் கூடுதலாக அடுக்கப்படாமலே, அதே கடன் 50 கோடியாகிவிடும். நாணயத்தை மத்திய வங்கி காத்துத் தரும் என்ற நம்பிக்கையில் பலர் இந்த இடரைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமன்று, ஏனெனில் அந்த நம்பிக்கையை வளர்த்தது அரசே.

1996-இல் ஏற்றுமதி வளர்ச்சி நின்றது; நடப்புக் கணக்குப் பற்றாக்குறை, அதாவது அந்நிய வரவை விஞ்சிய செலவு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீத அளவில் இருந்தது. வாங்குவோரின்றிக் கட்டடங்கள் தேங்க, அவற்றுக்குக் கடன் கொடுத்திருந்த நிதி நிறுவனங்கள் தள்ளாடின. பாட்டைக் காக்க முனைந்த மத்திய வங்கி, பிற்பாடு டாலர் தருவதாக முன்பேர ஒப்பந்தங்கள் செய்து தன் கையிருப்பைக் கரைத்தது. வெளியிடப்பட்ட கையிருப்பு 3,000 கோடி டாலருக்கு மேல் தோன்றிய வேளையில், ஒப்பந்தக் கடப்பாடுகளைக் கழித்தால் எஞ்சியது 300 கோடிக்கும் குறைவே. 1997 ஜூலை 2 அன்று பாட்டின் பிணைப்பு கைவிடப்பட்டது. ஆகஸ்டில் சர்வதேச நாணய நிதியத்தின் தலைமையில் 1,720 கோடி டாலர் உதவி வந்தது. டிசம்பரில் 56 நிதி நிறுவனங்கள் நிரந்தரமாக மூடப்பட்டன. 1998 ஜனவரியில் டாலர் 50 பாட்டையும் தாண்டியது. பாங்காக்கின் சாத்தோன் பகுதியில் பாதியில் கைவிடப்பட்ட 49 மாடிக் கோபுரம் வெறும் கான்கிரீட் தளங்களாக நின்றுபோனது. கட்டட வேலை இழந்தவர்கள் வடகிழக்கு ஈசான் கிராமங்களுக்குத் திரும்பினர்.

இதே காலத்தில் இந்தியாவிலும் மூலதனக் கணக்கை, அதாவது கடனும் முதலீடும் எல்லை தாண்டும் வாயிலை, மூன்றாண்டுகளில் படிப்படியாக முழுமையாகத் திறக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அமைத்த தாராப்பூர் குழு அறிக்கை அளித்தது பாட் வீழ்வதற்குச் சில வாரங்களே முன்பு, 1997 மே மாதத்தில். அத்திட்டம் அந்தக் கால அட்டவணைப்படி நிறைவேறவில்லை. இந்தியா அப்புயலின் நேரடித் தாக்குதலுக்குத் தப்பியதற்கு பெரும்பாலும் அடைபட்டிருந்த அந்த வாயிலும் ஒரு முக்கியக் காரணம்.

தாய்லாந்து சர்வதேச நாணய நிதியத்தின் கடனை 2003-இல், தவணைக்கு முன்பே அடைத்தது. ஆனால் நிதி நிறுவனங்களை மீட்க அரசு தன் தலைமேல் ஏற்றுக்கொண்ட உள்நாட்டுக் கடனில், பதினைந்து ஆண்டுகள் கழிந்த 2012-இலும் ஒரு லட்சம் கோடி பாட்டுக்கு மேல் அடைபடாமல் இருந்தது.