பனி இல்லாத ஊரில் கிறிஸ்துமஸ் மரம்



லாயாங் லாயாங்கில் நடந்த நமது அரங்கத்தில் ஓர் இளைஞர் எழுந்து, "பனியையே பார்க்காத நமக்கு, பஞ்சு ஒட்டிய பைன் மரம் எதற்கு? இது வெள்ளைக்காரரின் இரவல்தானே?" என்று கேட்டார். கைத்தட்டல் எழுந்தது. ஆனால், முன் வரிசையில் அமர்ந்திருந்த தோட்டத்துப் பாட்டி ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. அவர் சொன்னதைப் பிறகு கூறுகிறேன். முதலில் வரலாற்றைப் பார்ப்போம்.

இரவல் என்பது உண்மைதான். ஆனால், இரவல் வாங்கியவர்கள் நாம் மட்டுமல்ல. 1605ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரைப் பற்றிய குறிப்பொன்று, மக்கள் வீட்டுக் கூடத்தில் ஊசியிலை மரத்தை நிறுத்தி, வண்ணக் காகித ரோஜாக்களையும் ஆப்பிள்களையும் தொங்கவிட்டதாகச் சொல்கிறது. இங்கிலாந்துக்கே அது இறக்குமதிதான். ஜெர்மனியில் பிறந்த சார்லட் அரசியார் 1800இல் வின்சரில் பிள்ளைகளுக்காக ஒரு மரத்தை அலங்கரித்தார். 1848இல் விக்டோரியா அரசியாரின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வெளிவந்த பிறகே, அந்த வழக்கம் அங்கே வீட்டுக்கு வீடு பரவியது.

அந்த நாடுகளில் குளிர்காலத்தில் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். அப்போதும் பச்சையாக இருக்கும் ஊசியிலை மரம் அவர்களுக்கு நம்பிக்கையின் அடையாளம். நம் ஊரிலோ, திரும்பிய பக்கமெல்லாம் பச்சை! இங்கே பால்மரம் இலையுதிர்ப்பதுகூட பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான்.

அப்படியானால் டிசம்பரில் நமக்கு எது பற்றாக்குறை? வெயிலும் கூலியும்தான்!

கெமாசிலிருந்து ஜோகூர் பாரு வரையிலான ரயில் பாதை 1909இல் திறக்கப்பட்டது. லாயாங் லாயாங் நிலையம் அந்தப் பாதையில்தான் உள்ளது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் பால்மரம் வெட்டிப் பிழைத்தார்கள். வடகிழக்குப் பருவமழையில் பட்டை நனைந்தால் மரம் வெட்ட முடியாது. மங்கில் பாலுக்குப் பதில் மழைநீர்தான் நிறையும். வேலை இல்லையென்றால் கூலியும் இல்லை. மழையிலும் பசியாதிருக்க மாதச் சம்பளம் வேண்டும் என்று, 1954இல் உருவான தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் நெடுங்காலம் போராடியது குறிப்பிடத்தக்கது.

கையில் காசு குறையும் அந்த மாதத்தில்தான் கிறிஸ்துமஸ் வரும். இனி பாட்டி சொன்னதைக் கேளுங்கள்.

"தம்பி, நாங்க கடையில மரம் வாங்கினதில்ல. அப்பா சவுக்குக் கிளையை வெட்டிட்டு வந்து, மண் நிரப்பின பால் டின்ல நட்டு வைப்பாரு. சிகரெட்டுப் பெட்டி வெள்ளித்தாளில நட்சத்திரம், கலர் காகிதத்துல பூ. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க தீபாவளிக்கு எங்களுக்கு முறுக்கு தந்தாங்க, கிறிஸ்துமஸுக்கு எங்களோட உட்கார்ந்து பூ வெட்டினாங்க."

அரங்கம் அமைதியானது. நேயர்களே, மலாய்க்காரர் 'ரூ' என்று அழைக்கும் சவுக்கு, பைன் இனமே அல்ல. அது பூக்கும் தாவரம். ஊசி இலைபோல் நமக்குத் தெரிவது அதன் மெல்லிய பச்சைத் தண்டு. நம் கடற்கரைகளில் இயற்கையாகவே வளர்வது. 1605இல் ஸ்ட்ராஸ்பர்க் மக்கள் கையில் கிடைத்த காகிதத்தையும் பழத்தையும் கொண்டு செய்ததைத்தான், பாட்டியின் குடும்பமும் கையில் கிடைத்ததைக் கொண்டு செய்திருக்கிறது. அப்படிப் பார்த்தால், இது இரவல் மரமா?

மின்விளக்கின் கதையும் உண்டு. 1882இல் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன், நியூயார்க்கில் தம் வீட்டு மரத்தில் 80 வண்ண மின்விளக்குகளை ஏற்றினார். அன்று அது செல்வந்தர் வீட்டு அதிசயம். இன்றோ லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்களிலும் பிளாஸ்டிக் மரம் மின்னுகிறது. அதில் தவறில்லை. ஆனால், "பக்கத்து வீட்டு மரத்தைவிடப் பெரிதாக வேண்டும்" என்று கடன் வாங்குவதுதான் தவறு. மின்னும் மரத்தடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை இல்லையென்றால், அந்த வெளிச்சம் யாருக்கு?

2006 டிசம்பரில் ஜோகூரைப் பெருவெள்ளம் சூழ்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கிறிஸ்துமஸ் நாளில் ஆயிரக்கணக்கானோர் வீடிழந்து நிவாரண மையங்களில் தங்கியிருந்தார்கள். அன்று பலருக்கு மரம் வைக்க வீடே இல்லை. இனம், சமயம் பாராமல் ஒரே கூரையின் கீழ் ஒன்றாக உண்டார்கள்.

ஆகவே, கேள்வி கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான். மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நல்லதே. அதைவிட முக்கியம், அதைச் சுற்றி யார் அமர்கிறார்கள் என்பது. இவ்வாண்டு உங்கள் வீட்டு மரத்தில், பிள்ளைகள் வெட்டிய ஒரு காகிதப் பூவாவது இருக்கட்டும். திறந்த இல்ல உபசரிப்புக்கு அடுத்த வீட்டாரையும் அழையுங்கள்.